சொல்லாக்கக் கூடலை நடத்துவது எவ்வாறு?

(கோவையில் கிளைச் செயலாளர்களிடையே ஆற்றிய உரை)



சொல்லாக்கம் என்றவுடனே அகரமுதலிகளைப் புரட்டும் புலவர் ஒருவரே நினைவுக்கு வருகிறார். ஆயின் புலவர் தனித்திருந்து ஆக்கிய சொற்கள் எத்தனை, அவற்றுள் பட்டறைக்குள் புகுந்தவை எத்தனை? தாளில் பிறந்து தாளிலேயே மடிந்தவைதாமே மிகுதி! சொல் கூடிப் பேசுமிடத்தில்தான் உயிர்பெறுகிறது. எனவே கூடலை நடத்தும் முறையைப் பற்றியே இங்குப் பேசவேண்டியுள்ளது.

இம்முயற்சி கொங்குநாட்டுக்குப் புதிதன்று. 1916ஆம் ஆண்டிலேயே சேலத்தில் இராசாசியும் வேங்கடசுப்பையரும் அறிவியற் சொற்களை அமைப்பதற்கென ஒரு கழகம் கண்டு இதழும் வெளியிட்டனர். அவர்கள் வடசொல்லை விலக்கவில்லை. எனினும், பலர் கூடிச் சொல்லைத் தீர்மானிக்கவேண்டும் என்னும் வழியைத் திறந்தனர். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்டதும் அதே ஆண்டில் என்பது கருதத்தக்கது. பின்னர், சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் இ. மு. சுப்பிரமணிய பிள்ளையின் பேருழைப்பால் 1936இல் சொல்லாக்க மாநாடு கூட்டித் துறைவாரியாகக் குழுக்கள் அமைத்து, 1938இல் கலைச்சொற்களை நூலாக வெளியிட்டனர். இவையெல்லாம் கற்றோர் கூடிய அவைகள். கையால் தொழில் செய்வோரின் அவை இன்னும் கூட்டப்படவேண்டியுள்ளது.

2010 சூன் 23 முதல் 27 வரை கோவைக் கொடிசியா வளாகத்தில் செம்மொழி மாநாடு நடந்தது. ஒரே வேளையில் பல அரங்குகளில் ஆய்வுரைகள் படிக்கப்பட்டன. அது தமிழின் பெருமையை உலகறியச் செய்தற்குரிய கூட்டம். அதன் அமைப்பைப் பார்த்து, மேடையும் பந்தலும் வரவேற்புக் குழுவும் இருந்தால்தான் கூடல் என்று கிளை அன்பர்கள் எண்ணிவிடக்கூடாது. சொல்லாக்கக் கூடலுக்கு மேடையே பகை.

முதலில் எண்ணிக்கை. இருபதின்மருக்கு மேல் வேண்டா. அவருள் பதினைவரேனும் ஒரே தொழிலைச் செய்பவராக இருத்தல் வேண்டும். வார்ப்படத் தொழிலாளரையும் நெசவாளரையும் ஒருங்கே அழைத்தால் இரு சாராரும் வாய்திறவார்.

அடுத்தது நாள். இங்குதான் பெரும்பாலான முயற்சிகள் கெடுகின்றன. காரிக்கிழமை மாலை கூலி வாங்குவோர்க்கு ஞாயிற்றுக் காலையே சந்தைக்கும் வீட்டுக்கும் உரிய பொழுது. பத்தரை மணிக்கு முன் எவரையும் எதிர்பார்த்தல் வீண். விசைத்தறியில் இரவுமுறை முடித்தவரைக் காலையில் அமர்த்தினால் உறங்குவார். குறை அவருடையதன்று, நாள் குறித்தவருடையது. உழவரை அழைப்பதாயின் ஆடிப்பட்டத்து விதைப்பு முடியட்டும். திருமண நாளைப் பார்த்தே விலக்குக. கொங்குநாட்டில் உறவினர் திருமணத்தை விட்டுவிட்டு எவரும் சொல்லாய வரமாட்டார்! ஒருநாள் வேலையை விட்டு வருபவர்க்கு அந்நாட் கூலியைக் கொடுத்துவிடுதல் வேண்டும். பொன்னாடைக்கும் மாலைக்கும் ஒதுக்கும் தொகை அதற்குப் போதும்.

இடம் கல்லூரி மண்டபமாக இருத்தலாகாது. பொறிகள் நிறுத்தப்பட்ட பட்டறையிலேயே கூடுக. கடைசற் பொறியின்முன் நிற்பவனிடம் ‘இதன் பெயர் என்ன?’ என்று கேட்டால் ஆங்கிலப் பெயரைத்தான் முதலிற் சொல்வான். கையில் ஆணியைக் கொடுத்து, ‘இது ஏன் இறுகவில்லை?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘மரை தேய்ந்துவிட்டது’ என்பான். வந்துவிட்டது சொல்! கடைசல், வார்ப்பு, மரை ஆகியவற்றை எவரும் புதிதாகப் படைக்கவேண்டியதில்லை. (பட்டறை என்னும் அருஞ்சொல்லையே எடுத்துக்கொண்டு, பேச்சுக் கேட்டுக் கலையும் கூட்டத்திற்கெல்லாம் ‘பயிற்சிப் பட்டறை’ எனப் பெயரிடும் வழக்கம் பரவியிருக்கிறது. பயிலரங்கம் என்றால் என்ன குறைந்துவிடும்?)

வட்டமாக அமர்க. நெறியாளர் புலவராக இருத்தல் வேண்டா. தொழிலறிந்த, கேட்கத் தெரிந்த ஒருவரே போதும். புலவர் நண்பகல் வரை வாய்திறவாதிருத்தல் இன்றியமையாதது. ‘அது கொச்சை’ என்று அவர் ஒருமுறை திருத்தினால், அதன்பின் அவ்வட்டத்திலிருந்து ஒரு சொல்லும் வெளிவராது. பெண்கள் பணிபுரியும் தொழிலாயின் குறிப்பெடுப்பவருள் ஒருவரேனும் பெண்ணாக இருக்கட்டும்.

ஒரு சொல்லுக்கு ஒரு தாள்நறுக்கு. சொல், சொன்னவர் ஊர், தொழில், அச்சொல் வழங்கும் வாக்கியம், கருவியின் படம் ஆகியவை அதில் அமையவேண்டும். இருவர் தனித்தனியே எழுதி, இடைவேளையில் ஒப்பிடுக. இசைவு பெற்றுக் கைப்பேசியில் ஒலியையும் பதிந்துகொள்க. ஒலிப்பு எழுத்தில் அடங்காது.

நண்பகலுணவுக்கு அரிசியும் பருப்புஞ் சோறு போதும். உண்ணும்போதுதான் நல்ல சொற்கள் உதிரும், குறிப்பேட்டை மூடிவிடாதீர்கள்.

சொல் இல்லாதவற்றுக்கு ஆக்குவது பிற்பகல் வேலை. அப்போது புலவர் பேசலாம். வேரும் பொருளும் காட்டி இரண்டு மூன்று சொற்களை அவர் முன்வைக்கட்டும்; கையுயர்த்தி முடிவு செய்யவேண்டா. அன்று உயரும் கை அடுத்த நாள் பட்டறையில் பேசாது.

இவ்வளவு விரைவு ஏன் என்று வினவலாம். பைக்காரா மின்னாற்றல் கோவைக்கு வந்தபின் கிணறுதோறும் மின்பொறி ஏறியது. கவலை இறைத்தல் நின்றது. சால், வடம், வால்கயிறு என அத்தொழிலோடு வாழ்ந்த சொற்களைக் கையாண்டோர் இன்று முதியோரே. 1944 முதல் 1956 வரை சேலத்தில் பணியாற்றிய பாவாணர், உலகவழக்குச் சொற்கள் அகராதியில் விடுபட்டமைக்காக எத்துணை வருந்தினார்! பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதி தொகுத்தளித்தார். அது தனியொருவர் உழைப்பு. நாற்பது கிளைகள் கூடினால் எவ்வளவு தொகுக்கலாம்! இன்று பட்டறைகளில் வடபுலத் தொழிலாளரும் அருகே நின்று வேலை செய்கின்றனர். அவர்க்குத் தொழில் கற்பிக்கும் தமிழனே கருவியின் தமிழ்ப்பெயரைச் சொல்லாவிடில் அவர் எவ்வாறு அறிவார்?

ஒரு திங்கள் கழித்து அதே பட்டறைக்கு மீண்டும் செல்க. முன்வைத்த சொற்களுள் எது நாவில் நிற்கிறதோ அதனைப் பதிந்து, நில்லாததை நீக்குக. தொகுப்பை அச்சிட்டபின் முதற்படிகளை வட்டத்தில் அமர்ந்தவர்களுக்கே கொடுத்து, கருவியருகே தொங்கவிடச் சொல்லுங்கள். எண்ணெய்க் கறை படிந்து கிழிந்தால் அடுத்த படியைக் கொண்டு செல்லுங்கள்.