மழைக்காலத்தில் சும்மா கிடந்த நிலம்

ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் படான்செருவில் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் பண்ணை இருக்கிறது. அங்கே 1976-ல் ஒரு கரிசல் நிலச் சோதனை தொடங்கி, பல பத்தாண்டுகள் நடந்தது.

அந்தப் பக்கத்து வழக்கப்படி, மழைக்காலம் முழுக்கக் கரிசலைத் தரிசாகப் போட்டுவிட்டு, மழை ஓய்ந்தபின் சோளமோ கொண்டைக்கடலையோ விதைப்பார்கள். விவசாயியைக் குறை சொல்ல முடியாது; நனைந்த கரிசலில் ஏர் எப்படி இறங்கும்? ஆனால் வெறும் நிலத்தில் விழும் மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும்.

விஞ்ஞானிகள் முன்கூட்டியே உழுது, லேசான சரிவில் அகலமான மேட்டுப்பாத்திகளும் இடையிடையே சால்களும் அமைத்தார்கள். மழைக்கு முன்பே புழுதி விதைப்பாக மக்காச்சோளம், துவரை. அதோடு அளவான உரம். மிகைநீர் சால் வழியே நிதானமாக வடிந்தது.

பழைய முறையில் எக்டேருக்கு ஆண்டுச் சராசரி 1.1 டன் தானியம். புது முறையில் 5 டன்னுக்கு மேல்! மண் அரிப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. மண்ணில் கரிமமும் கூடியது. காட்டை வெட்டிப் புது வயல் தேடுவதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு இது என்பேன்.

1999-ல் ரங்காரெட்டி மாவட்டம் கொத்தப்பள்ளி விவசாயிகளின் நிலங்களுக்கே இந்த முறை போனது. தடுப்பணைகளும் கட்டினார்கள். ஊர்க் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது.