பெய்யும் மழையில் கிணற்றுக்குச் சேருவது எவ்வளவு?

(நொய்யல் பகுதிப் பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில், வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால், இனிக் கிணற்றுக்குக் குறைவில்லை என்று மகிழ்கிறோம். ஆயினும் கோடை வருமுன்பே பல கிணறுகள் வற்றிவிடுகின்றன. வானிலிருந்து பெய்வதை அளக்கிறோம். பூமிக்குள் இறங்குவதை அளப்பதில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

அதை அளக்கவும் வழி உண்டு. ஹைதராபாத்திலுள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தார் நமது நொய்யல் வடிநிலத்திலேயே அதைக் கையாண்டிருக்கிறார்கள். மழைக்காலத்துக்கு முன்னர், பயிரின் வேருக்குக் கீழே சுமார் 60 முதல் 80 செ.மீ. ஆழத்தில், டிரிட்டியம் கலந்த நீரை மிகச் சிறிதளவு செலுத்துவார்கள். டிரிட்டியம் ஹைட்ரஜனில் ஒரு வகை. நீரோடு நீராகவே செல்லும். மெல்லிய கதிர் வீசுவதால், கருவி கொண்டு அதனை அடையாளம் காணலாம். புதுமழை மேலிருந்து இறங்க இறங்கப் பழைய ஈரம் கீழே தள்ளப்படும். அடையாள நீரும் உடன் இறங்கும். மழை ஓய்ந்தபின் அவ்விடத்து மண்ணை அடுக்கடுக்காக எடுத்துச் சோதித்தால், அது இறங்கிய தூரம் தெரியும்.

உதாரணமாக, அது 40 செ.மீ. இறங்கியது என்றும், அம்மண்ணின் கன அளவில் 100க்கு 15 பங்கு ஈரம் என்றும் கொள்வோம். அப்படியானால் ஊறிய நீர் 6 செ.மீ., அதாவது 60 மி.மீ. பெய்த மழை 600 மி.மீ. என்றால், பத்தில் ஒரு பங்கே நிலத்தடிக்குச் சென்றது. எஞ்சியது ஓடையில் ஓடியும், ஆவியாகியும், பயிருக்கு உணவாகியும் போயிற்று.

மண்ணுக்கு மண் இக்கணக்கு மாறும். ஆகவே பல இடங்களில் சோதிக்க வேண்டும். பாறை வெடிப்பில் நேரே இறங்குவதும், குளத்தில் ஊறுவதும் இதில் அடங்கா.

இதனால் நாம் அறிவது என்ன? கிணற்று நீரையே நம்பும் ஒரு போக நெல்லுக்குச் சுமார் 1,200 மி.மீ. நீர் வேண்டும். மேற்கண்ட கணக்கின்படி, 20 ஏக்கரில் ஊறுவதை ஒரே ஏக்கர் நெல் இறைத்துவிடும். வயலில் பாய்ச்சியதில் ஒரு பங்கு மீண்டும் ஊறும் என்பது மெய்யே. எனினும் நிலக்கடலைக்கு நெல்லில் பாதி நீரும் வேண்டியதில்லை. கிணற்றை ஆழமாக்குவதால் வரவு பெருகாது. அண்டையாரின் கிணறு முன்னதாக வற்றும்.

ஊருக்கு ஊர் டிரிட்டியச் சோதனை நடத்துதல் இயலாது. ஆனால் மழைக்கு முன்னும் பின்னும் பொதுக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து, மழையளவோடு பஞ்சாயத்துப் பதிவேட்டில் எழுதுவது எல்லோராலும் இயலும். அப்பதிவேட்டைக் கிராம சபையின் முன் வைத்து, வரவறிந்து பயிரைத் தீர்மானிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.