பிறந்த நட்சத்திரத்தைக் கண்ணாற் காணல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

இம்மேடையிற் பேசவரும் அறிஞர்கள் சமயநூல்களை ஆராய்ந்து பேசுவார்கள். நாமோ வளவுக்குள், கிணற்றடியில், ஒரு சிறு தொலைநோக்கியை நிறுத்தி வானம் பார்க்கப் பழகிய கதையைச் சொல்ல வந்திருக்கின்றோம். இது சமயத்துக்குப் புறம்பான பேச்சென்று எண்ணிவிடாதீர்கள். முதலில் ஒரு கேள்வி கேட்க அனுமதியுங்கள்.

இச்சபையில் தம் பிறந்த நட்சத்திரம் இன்னதென்று அறியாதவர் யாரும் உளரோ? ஒருவரும் இரார். அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது பெயரும் நட்சத்திரமும் தடையின்றி வாயில் வருகின்றன. ஆனால், "அந்த நட்சத்திரத்தை வானத்திலே காட்டுங்கள்" என்றால் எத்தனை பேர் காட்டுவோம்? ஈராண்டுகளுக்கு முன் எம்முள் இக்கேள்வி எழுந்தபோது, பதினான்கு பேர் கூடியிருந்த கூட்டத்தில் ஒருவர்தானும் கை உயர்த்தவில்லை. கார்த்திகையில் விளக்கேற்றுகிறோம், மார்கழியில் திருவாதிரைக்கு விடியுமுன் எழும்புகிறோம், ஆனால் அவை தலைக்கு மேலே எங்கே நிற்கின்றன என்பதை அறியோம். அன்று எமக்கு உண்டான வெட்கமே இம்முயற்சிக்கு வித்தாயிற்று.

பணம் சேர்த்து ஒரு தொலைநோக்கி வாங்கினோம். தொடக்கக்காரருக்கென விற்கப்படுவது, முன்வில்லை 70 மில்லிமீற்றர் அகலம், குவியத்தூரம் 700 மில்லிமீற்றர். பெட்டியின்மேல் ஐந்நூறு மடங்கு பெருக்கிக் காட்டும் என்று அச்சிட்டிருந்தது. அதை நம்பிவிட்டோம். முதல் இரவு ஊரே வந்து கூடிற்று. மிகப் பெரிதாகக் காட்டும் கண்வில்லையை மாட்டிப் பார்த்தால், ஒருவருக்கும் ஒன்றுந் தெரியவில்லை. குழல் ஆடிற்று, முக்காலி மணலிற் புதைந்தது. கடைசியில் மன்னாருக்கே உரிய கழுதையொன்று இருட்டில் வந்து முக்காலியை இடித்துத் தள்ளிவிட்டுப் போயிற்று. கூடியிருந்தோர் சிரித்துக்கொண்டு வீடு சென்றனர். நாம் ஒரு மாதம் அப்பெட்டியைத் திறக்கவேயில்லை.

பின்பு பொறுமையாகப் படித்தோம். 70 மில்லிமீற்றர் வில்லை நல்ல இரவில் 140 மடங்குக்கு மேல் பயன் தராது என்று அறிந்தோம். கருவியின் பெருமை பெருக்கத்தில் அன்று, ஒளியைத் திரட்டுவதில் உள்ளது. இருளில் விரிந்த எமது கண்மணியின் வாயில் ஏறக்குறைய 7 மில்லிமீற்றர். வில்லை அதிற் பத்து மடங்கு அகலம். ஆகவே நூறு மடங்கு ஒளியைத் திரட்டுகின்றது. 25 மில்லிமீற்றர் கண்வில்லையை மாட்டினால் 28 மடங்கு, அதிலேதான் தொடங்கவேண்டும். பொருளைக் கண்டுபிடித்த பின்னரே 10 மில்லிமீற்றர் வில்லையை மாட்டி 70 மடங்கிற் பார்க்கவேண்டும். அப்போதும் மூன்று நிமிடத்துக்குள் நட்சத்திரம் வட்டத்தை விட்டு ஓடிவிடும். ஓடுவது நட்சத்திரமன்று, நாம் நிற்கும் பூமியே என்பதை அன்றுதான் உடம்பால் உணர்ந்தோம்.

முக்காலியின் கால்களைப் பலகைத் துண்டுகளின்மேல் வைத்தோம், நடுவிலே ஒரு மணற்பையைத் தொங்கவிட்டோம், ஆட்டம் நின்றது. மேலே இருக்கும் சிறு வழிகாட்டிக் குழலைப் பகலிலே தூரத்துப் பனையின் வட்டை நோக்கிப் பொருத்தி வைத்தோம். இரவிலே தேடும் வேலை பாதியாயிற்று. டோர்ச்சின் முகத்திற் சிவப்புத் தாளை ஒட்டினோம். கண் இருளுக்குப் பழக அரைமணி நேரம் வேண்டும், ஒரு வெள்ளொளி அதை ஒரு கணத்திற் கெடுத்துவிடும். உப்புக்காற்றின் ஈரம் வில்லையிற் படிந்தால் சால்வையால் துடைக்கலாகாது. மூடி வைத்துக் காயவிடல் வேண்டும்.

காலமும் அறிந்துகொண்டோம். வைகாசி தொடக்கம் சோளகக் காற்று எமது தீவை உலுப்புகின்றது. 2020 இறுதியில் தென்கரையோரம் நிறுவப்பட்ட முப்பது காற்றாலைகளுக்கு அது செல்வம். தொலைநோக்கிக்கோ அது பகை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடையும் மழையும். தையிலிருந்து பங்குனி வரையுள்ள இரவுகளே எமக்கு வாய்த்த இரவுகள். அக்காலத்தின் நடுவிலேதான் மகா சிவராத்திரி வருகின்றது. இருண்ட வானம், காய்ந்த காலநிலை, கண்விழிக்கப் பழகிய மக்கள். வானம் பார்ப்போர் இதனினும் சிறந்த நாளைத் தெரிந்தெடுத்தல் அரிது.

சிவராத்திரியன்று நாம் திருக்கேதீச்சரத்துக்குப் போகவேண்டியவர்கள். ஆகவே அதற்கு முந்திய இரவைத் தெரிந்துகொண்டோம். அன்று நிலவு விடியப்புறமே உதிக்கும். நான்கு யாமமும் வளவிலே விழித்திருந்து கண்டவற்றைச் சொல்கிறோம்.

முதல் யாமத்தில் உச்சியை அடுத்துச் செந்நிறமாய் நின்றது திருவாதிரை. 2019 இறுதியில் ஒளி குன்றத் தொடங்கி, 2020 பெப்ரவரியில் உலகமே கவனிக்கும்படி மங்கி, பின் மீண்ட பெரு நட்சத்திரம் அதுவே. அது கக்கிய தூசி மறைத்ததே காரணம் என்று ஆராய்ந்தோர் கண்டனர். மேற்கே ரோகிணி, அதற்கப்பால் கார்த்திகை. பழந்தமிழர் அறுமீன் என்ற அக்கூட்டத்தை 28 மடங்கிற் பார்த்தபோது, ஆறு எங்கே, எண்ணி முடியாத வைரப்பொடி! தெற்கே மன்னார்க் குடாவின் மேலே அகத்தியர் நட்சத்திரம் தனித்து எரிந்தது.

இரண்டாம் யாமத்திற் பூசம் உச்சிக்கு வந்தது. தைப்பூசம் தெரியாத சைவப்பிள்ளை இல்லை. பூசத்தை அடுத்து வெறுங்கண்ணுக்குப் புகைபோல் தெரிவது தேன்கூடு போன்ற ஒரு நட்சத்திரத் திரள் என்பதைக் கண்டவர் எத்தனை பேர்? கிழக்கே மகம் ஏறிவந்தது. வடக்கே சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டரையும் அருந்ததியையும் தேடினோம். திருமணப் பந்தலிற் பட்டப்பகலில் முகட்டைக் காட்டி அருந்ததி பார்க்கும் எமக்கு, அவ்வம்மை உண்மையாகவே அங்கே இருப்பது புதுமையாயிருந்தது. 70 மடங்கிற் பார்த்தால் வசிட்டர் தாமே இரண்டு நட்சத்திரமாய்ப் பிரிந்து நிற்கின்றார்!

மூன்றாம் யாமத்தில் அத்தமும் சித்திரையும். தெற்கே நான்கு மீன்களாலான தென்சிலுவை. நான்காம் யாமத்தில் விசாகமும் அனுஷமும் ஏற, செந்நிறக் கேட்டை தென்கிழக்கிற் சுடர்விட்டது. வடக்கே துருவன், அடிவானத்திலிருந்து ஒன்பது பாகை உயரத்தில், பாக்குநீரிணையின் மூட்டத்துள் மங்கித் தெரிந்தான். துருவன் எத்தனை பாகை உயரமோ அத்தனையே ஓர் ஊரின் அகலக்கோடு. நாம் பூமியில் எவ்விடத்தில் இருக்கின்றோம் என்று அவனே சொல்கின்றான். விடியும்போது பதினான்கு பேரில் பதினொருவர் தம் பிறந்த நட்சத்திரத்தைக் கண்டிருந்தனர்.

பெரியோர்களும் வரத் தொடங்கினார்கள். 2025 புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை இரவு, கோயிலில் எள்ளெண்ணெய் விளக்கேற்றிவிட்டு வந்த ஒரு முதிய தாய், ஏழரைச்சனியால் அல்லற்படும் மகனை நினைந்து, "சனீசுவரனைக் காட்டலாமோ, தம்பி?" என்று கேட்டார். காட்டினோம். அவ்வாண்டு மார்ச்சில் வளையம் தன் விளிம்பை எமக்குக் காட்டித் திரும்பியிருந்தமையால், ஒரு சிறு பொன்னுருண்டையை ஊசி கோத்ததுபோலவே தெரிந்தது. அம்மையார் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பின், "உவ்வளவு வடிவானவருக்கோ இவ்வளவு காலமும் பயந்தனான்?" என்றார். சனி ஒருமுறை சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 29½ ஆண்டு செல்லும். ஓர் இராசியைக் கடக்க இரண்டரை ஆண்டு. மூன்று இராசிக்கு ஏழரை என்று கணக்கைச் சொன்னோம். பலன் சொல்வது எம் வேலையன்று. ஆனால் அச்சத்தோடு வந்தவர் வியப்போடு போனார்.

இன்னொரு பெரியவர், "எங்கள் கேதீச்சரத்தில் வழிபட்ட கேதுவைக் காட்டுங்கள் பார்ப்போம்" என்றார். கேதுவைத் தொலைநோக்கியிற் காணல் இயலாது, ஐயா. சந்திரன் செல்லும் வழி சூரியன் செல்லும் வழியை இரண்டிடங்களில் வெட்டுகின்றது. அவ்விடங்களே இராகுவும் கேதுவும். எம் முன்னோர் இவற்றைச் சாயாகிரகம் என்றது எவ்வளவு பொருத்தம்! அவ்விடத்தின் அண்மையிற் சூரியனும் சந்திரனும் சேர்ந்தாலன்றிக் கிரகணம் இல்லை. 2019 டிசம்பர் 26இல் இலங்கையின் வடபகுதியிற் கங்கண சூரியகிரகணம் தெரிந்தபோது, பஞ்சாங்கத்தில் கேது தனுசு இராசியிற் சூரியனோடு நின்றதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

சூரியனைக் குறித்தபோது ஒரு குற்றத்தையும் சபையில் ஒப்புக்கொள்ளவேண்டும். ஒரு நாள் பின்னேரம் நான்கு மணிக்கு வழிகாட்டிக் குழலைப் பொருத்திவிட்டு, மூடியை மாட்ட மறந்து தேநீர் குடிக்க உள்ளே சென்றோம். ஓர் உறுப்பினரின் தம்பி, பதினொரு வயதுப் பிள்ளை, குழலை மேற்கே சூரியன்மேல் திருப்பிக் கண்ணை வைக்கப் போனான். வெளியே வந்த ஒருவர் ஓடிச்சென்று கண்வில்லைக்கும் கண்ணுக்கும் இடையே கையை வைத்தார். அக்கையிற் பட்ட சூட்டுவடு இன்றும் மாறவில்லை. ஒரு கணம் பிந்தியிருப்பின் அவ்வடு அப்பிள்ளையின் கண்ணுள் விழுந்திருக்கும். கண்ணின் உட்திரைக்கு நோவு தெரியாது. எரிந்த பின்பே பார்வை போனது தெரியும். மூடியை மறந்தவர்கள் நாமே, வேறெவர்மேலும் பழியில்லை. அன்று தொடக்கம் ஒரு விதி: பகலிற் குழல் வெளியே இருக்கும்வரை ஒரு பெரியவர் அதன் அருகிலிருந்து அசையக்கூடாது. முன்வில்லையை முற்றும் மூடும் தகுந்த சூரிய வடிகட்டியின்றி எவரும் சூரியனை நோக்கக்கூடாது. கண்வில்லையிற் பொருத்தும் சிறு கறுப்புக் கண்ணாடியை நம்பவே கூடாது. அது சூட்டில் வெடிக்கும்.

அன்பர்களே, "இதெல்லாம் வேறு நாட்டார் வித்தை" என்று சிலர் சொல்லக்கூடும். எமது வரலாற்றையே பாருங்கள். 1829 மார்ச் 20ஆந் தேதிச் சந்திரகிரகணத்தைக் குறித்து யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கக் கணக்கும் வட்டுக்கோட்டைச் செமினரியின் கணக்கும் வேறுபட்டன. வழக்கு வலுத்தது, அன்றிரவு வானமே தீர்ப்புக் கூறிற்று. செமினரியின் கணக்குப் பொருந்திற்று. இதைத் தோல்வி என்று மறைப்பதா? பழைய கணக்கை வானத்தோடு ஒத்துப்பார்க்கும் வழக்கம் இடையில் விட்டுப்போனதே குறை என்று உணர்வதா? பஞ்சாங்கம் கணித்த குடும்பத்திலே தோன்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் இரண்டாவதையே செய்தார். சென்னை வானாராய்ச்சிக் கூடத்திற் பணிபுரிந்த அவர் 1867இல், ஒளி கூடியும் குறைந்தும் வரும் ஒரு தென்திசை நட்சத்திரத்தைக் கண்டறிந்தார். கண்டதைக் கொண்டு கணக்கைத் திருத்தித் திருக்கணித பஞ்சாங்கமும் வெளியிட்டார். திருக் என்பது காண்டல் அன்றோ!

எமது நாட்டில், கோணேசர் கோயில் கொண்ட திருகோணமலையிலே, மோல்ஸ்வேர்த் என்ற படை அதிகாரி பன்னிரண்டரை அங்குலத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, வேலை ஓய்ந்த இரவுகளில் வியாழனைப் பார்த்துவந்தார். அதன் மேகப்பட்டைகளில் 1901 பெப்ரவரியில் அவர் கண்ட பெருங்கலக்கத்தை உலக அறிஞர் ஏற்றனர். செவ்வாயில் ஒரு பெருங்குழிக்கு அவர் பெயரே இடப்பட்டுள்ளது. அவர் அதைத் தொழிலாகச் செய்தவரல்லர். கண்டதைத் தவறாது எழுதிவைத்தவர்; அவ்வளவே.

ஆகையால் இளைஞர்களே, வரும் ஆண்டுக்குள் ஒவ்வொருவரும் தம் பிறந்த நட்சத்திரத்தைக் கண்ணாற் கண்டு, தேதி, நேரம், திதி என்பவற்றோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். தொலைநோக்கி இல்லையென்று தயங்கவேண்டாம். முதல் மூன்று மாதத்துக்குக் கண்ணே போதும். பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம்: பிள்ளைகள் வானம் பார்க்கும் இரவில், வளவு விளக்கை ஒரு மணி நேரம் அணைத்து உதவுங்கள். பேரப்பிள்ளையோடு நீங்களும் வந்து நில்லுங்கள்.

எம் பிள்ளைகளிற் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்கின்றார்கள். அவர்கள் இரவு தொடங்கும்போது, எம் தலைக்கு மேல் நின்ற அதே திருவாதிரை அவர்களுக்கும் எழும். தாய் இங்கே கண்டதை மகன் அங்கே காணலாம். ஆனால் அகத்தியரை அவ்வூர்களின் அடிவானம் மறைத்துவிடும். அந்தச் செல்வம் இங்கே, எமது கிணற்றடிக்கு மேலே, விலையின்றிக் கிடக்கின்றது. அதைக் காணாமல் நாம் இருப்பது தகுமா?