இறுகிய எஞ்சினும் எழுதாத வேலையும்

(லிங்கநகர் இளந்தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த முற்றத்தில் ஓடிக்கொண்டிருக்கும் லிஸ்டர் எஞ்சின் ஆறு மாதத்துக்கு முன் கிணற்றடியில் கறள் பிடித்துக் கிடந்தது. பழைய இரும்பு வாங்குபவர் இரண்டு தடவை விலை கேட்டுப் போனார். அதை எப்படி எழுப்பினோம் என்று சொல்லத்தான் வந்தோம். அதோடு ஒரு கோரிக்கையும் உண்டு.

இது இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் செய்த ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். ஆறு குதிரைவலு, நிமிடத்துக்கு 650 சுற்று. குஜராத்தின் ராஜ்கோட்டிலும் இதே மாதிரியை நெடுங்காலம் செய்தார்கள். நமது தேயிலை ஸ்டோர்களில் இதைவிடப் பெரிய எஞ்சின்கள் ஓடின. ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோர் 2001இல் தேயிலை அருங்காட்சியகம் ஆனது. அந்தப் பழைய எஞ்சின்களை அங்கே பார்க்கலாம். அப்படிப்பட்ட எஞ்சின்களை ஓட்டிய நம் பாட்டன்மார் பலர் ஒரு சான்றிதழும் இல்லாமல்தான் வேலையை விட்டுப் போனார்கள்.

இந்த எஞ்சினின் புகைக்குழாய் மூடியில்லாமல் கிடந்ததால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியது. கடற்காற்றின் உப்பும் சேர்ந்தது. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு ஒட்டி இறுகிவிட்டன.

முதல் நாளே ஒரு பிழை விட்டோம். சில்லின் கைகளுக்கிடையே அலவாங்கைக் கொடுத்து நெம்பினோம். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். நல்ல காலம், உடையுமுன் நிறுத்திவிட்டோம். அன்றே ஒருவரின் கண்ணில் கறள் துகள் விழுந்தது. அதன் பிறகு கண்ணாடி போடாமல் யாரும் சுத்தியலைத் தொடவில்லை.

அடுத்து, இறுகியது எது என்று தேடினோம். பிஸ்டன் மட்டுமல்ல, வால்வுகளும் இறுகியிருந்தன. அதைப் பார்க்காமல் சுழற்றியிருந்தால் தள்ளுகம்பிகள் வளைந்திருக்கும். தலைப்பகுதியின் நட்டுகளைச் சூடாக்கி, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னுமாகக் கழற்றினோம். சூடாக்கும் வேலை முழுவதும் எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னே முடிந்தது. எண்ணெய் ஊறிய இடத்தில் நெருப்பு வைக்கவே கூடாது.

பிறகு ஏ.டி.எஃப். எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து பிஸ்டன் மேல் ஊற்றினோம். தினமும் பார்த்து, வற்றினால் மறுபடி ஊற்றினோம். பிஸ்டனுக்கு மேலே சுவரில் இருந்த கறளை உரசி எடுத்தோம். பிஸ்டன் நடுவழியில் நின்றது நல்லதாய்ப் போயிற்று. உச்சியில் நின்றிருந்தால் அடி முழுவதும் பெயாரிங்கில்தான் விழுந்திருக்கும். மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டி, சில்லைக் கையால் இருபுறமும் ஆட்டினோம். ஒன்பதாம் நாள் நூலளவு அசைந்தது. அன்று நாங்கள் போட்ட சத்தத்தில் அயல் வீட்டார் ஓடி வந்தார்கள்.

ஓடவிடுமுன் எரிபொருள் பம்பையும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் கழுவி, தடையின்றி அசைகின்றனவா என்று பார்த்தோம். அவை முழுத்திறப்பில் இறுகியிருந்தால் எஞ்சின் கட்டுமீறி ஓடும், சில்லு சிதறி ஆளைக் கொல்லும். கைபிடியைச் சுழற்றும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். எஞ்சின் பின்னுக்கு உதைத்தால் பெருவிரல் தப்பும்.

இப்போது கோரிக்கைக்கு வருகிறோம். இந்த வேலையை முன்னின்று செய்தவர் எங்கள் தோட்டப் பாடசாலையின் பழைய மாணவர். எட்டு வருடமாகக் கராஜ் வேலை. இன்னும் உதவியாள் சம்பளம்தான். கேட்டால், “உன்னிடம் சேர்ட்டிபிகேட் இல்லையே” என்கிறார்கள்.

தோழர்களே, வகுப்புக்குப் போகாமல் வேலைத்தளத்தில் கற்றவர்களுக்கும் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற வழி உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர். நைட்டா நிறுவனத்தில் விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்து காட்ட வேண்டும், செய்த வேலைக்கு ஆதாரமும் காட்ட வேண்டும். ஆதாரம் இல்லாததால்தான் நம் பிள்ளைகள் பின்வாங்குகிறார்கள்.

அதனால்தான் இந்த எஞ்சினின் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, திகதி போட்டு, ஒரு கொப்பியில் எழுதி வைத்தோம். அந்தக் கொப்பியோடு அவர் விண்ணப்பிக்கப் போகிறார். நீங்களும் இன்றிலிருந்து ஒரு கொப்பி வையுங்கள். என்ன வேலை, எந்த நாள், எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள். எழுதத் தயங்குகிறவர்களுக்கு ஞாயிறுதோறும் நாங்கள் உட்கார்ந்து எழுதித் தருகிறோம். விண்ணப்பம் நிரப்புவதும் நம் சங்கத்தின் வேலைதான்.

பாட்டன்மாரின் வேலையை யாரும் எழுதி வைக்கவில்லை. நம்முடையதை நாமே எழுதுவோம்.