காற்றின் கண்



வைக்கிங்குகள் என்றதும் கொள்ளையரே நம் நினைவில் எழுவர். அது பொய்யன்று. கி.பி. 793இல் வட இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் தீவு மடத்தைச் சூறையாடித் துறவியரைக் கொன்றவர்கள் அவர்களே. 865இல் பெரும்படையாகவே வந்திறங்கினர். ஆயினும் நான் பேச விழைவது 876ஆம் ஆண்டைப் பற்றி. அவ்வாண்டில் ஹால்ஃப்டான் என்னும் தலைவன் நார்தம்பிரியாவின் நிலத்தைப் பங்கிட்டளித்தான். அவனுடைய வீரர்கள் உழுது பிழைக்கத் தொடங்கினர் என்று ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக் குறிப்பேடு பதிவு செய்துள்ளது.

படைவீரன் குடியானவனானபின் அவன் மொழி அண்டை வீட்டுக்குள் புகுந்தது. இரு மொழிகளும் ஒரே குடும்பத்தவை; ஆதலின் வயலிலும் சந்தையிலும் மணவினையிலும் எளிதில் கலந்தன. விட்பி, டெர்பி, கிரிம்ஸ்பி என்னும் ஊர்ப்பெயர்களின் 'பி' என்ற ஈறு அவர்கள் மொழியில் குடியிருப்பைக் குறிப்பது. கத்திக்குரிய 'நைஃப்', வானத்துக்குரிய 'ஸ்கை', கணவனுக்குரிய 'ஹஸ்பண்ட்', சட்டத்துக்குரிய 'லா' ஆகியவை அவர்கள் தந்தவையே. சன்னலைக் குறிக்கும் 'விண்டோ' என்பதன் மூலப்பொருள் 'காற்றின் கண்'. காற்றின் வழியைக் 'காலதர்' என்ற நம் முன்னோரை இங்கே நினையாதிருக்க இயலவில்லை.

இச்சொற்கள் ஒரே நாளில் வென்றுவிடவில்லை. 1490இல் காக்ஸ்டன் என்னும் அச்சாளர் ஒரு நிகழ்ச்சியை எழுதினார். தேம்ஸ் ஆற்றில் காற்றுக்குக் காத்திருந்த வணிகர்கள் கரையேறினர். ஒருவர் ஒரு வீட்டில் முட்டை வேண்டி 'எக்ஸ்' என்று கேட்டார். தமக்குப் பிரெஞ்சு தெரியாது என்றார் வீட்டம்மையார்! அவர் அறிந்தது 'ஐரன்' என்னும் பழைய ஆங்கிலச் சொல்லையே. இன்று 'ஐரன்' மறைந்தது, 'எக்' நிலைத்தது.

இன்னொன்று என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. பொருட்பெயரைக் கடன் வாங்காத மொழியில்லை. படர்க்கைப் பெயரைக் கடன் வாங்குவதோ அரிது. 'அவர்கள்' என்று பொருள்படும் 'தே' என்ற சொல்லும் வைக்கிங்குகள் வழி வந்ததே. அயலாரைச் சுட்டும் சொல்லையே அயலாரிடமிருந்து பெற்றது ஆங்கிலம்!

லிண்டிஸ்பார்னில் சிந்திய குருதியை இச்சொற்கள் கழுவிவிடா. அக்கொடுமையையும் இக்கொடையையும் ஒருங்கே ஏற்பதே நேர்மை. கவிஞர்களே, அடுத்த முறை 'அவர்கள்' என்று எழுதுகையில் ஒரு நொடி தயங்குங்கள். நாம் யாரை அவ்வாறு விலக்கி நிறுத்துகிறோமோ, அவர்தம் சொல் நம் அடுக்களையில் ஏற்கெனவே குடியேறியிருக்கக்கூடும்.