கினி நாட்டில் சங்கமும் சர்க்காரும்

(சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கினி நாட்டில், சங்கத்தில் வளர்ந்த ஒருவர் ஜனாதிபதியானார். அவர் ஆட்சியில் சங்கம் என்ன ஆயிற்று என்பதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம் அது. தபால் இலாகாவில் கிராணியாக இருந்த செக்கு தூரே, 1945-இல் அங்கே ஊழியர் சங்கம் கண்டார். 1952-இல் பிரெஞ்சுப் பாராளுமன்றம் தன் குடியேற்ற நாடுகளுக்கு வாரம் 40 மணி நேர வேலை என்று சட்டம் செய்தது. நல்ல சட்டந்தானே என்பீர்கள். மணிக்கூலி வாங்குகிறவனுக்கு மணி குறைந்தால் கூலியும் குறையுமல்லவா? 48 மணிக்கு வாங்கிய கூலி 40 மணிக்கும் வேண்டுமானால் மணிக்கூலி நூற்றுக்கு 20 உயர வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இதைக் கேட்டுத்தான் 1953 செப்டம்பரில் வேலை நிறுத்தம் தொடங்கிற்று. இரண்டு மாதத்துக்கு மேல் நடந்தது. கிராமத்தார் உணவு கொடுத்துத் தாங்கினார்கள். அந்த 20 கிடைத்தது. தூரேயும் நாடறிந்த தலைவரானார்.

1958-இல் தெ கோல், பிரெஞ்சுக் கூட்டமைப்பில் இருப்பீர்களா என்று வாக்கெடுத்தார். ஆப்பிரிக்காவில் கினி ஒன்றே "மாட்டோம்" என்றது; நூற்றுக்கு 95 பேர்! அக்டோபர் 2-இல் சுதந்திரம். வெள்ளைக்கார அதிகாரிகள் கோப்புகளையும் டெலிபோன்களையும் கூட விட்டுவைக்காமல் போனார்கள்.

அந்தத் துணிவை நான் இன்றும் மெச்சுகிறேன். ஆனால் 1961-இல் ஆசிரியர் சங்கத்தார் சம்பளக் கோரிக்கை வைத்தபோது, சதிகாரர் என்று பட்டம் சூட்டிச் சிறையிலடைத்தது யார்? அதே தூரேயின் சர்க்கார்தான். கட்சி ஒன்றே, சங்கமும் அதன் வாலே என்றாயிற்று. போய்ரோ முகாமில் ஆயிரக்கணக்கானோர் வதைபட்டார்கள். ஆப்பிரிக்க ஒற்றுமை நிறுவனத்தின் முதல் செயலாளர் தியாலோ தெல்லி 1977-இல் அங்கே பட்டினி போட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் யார் தெரியுமா? தலைநகர் கொனாக்ரியின் சந்தைப் பெண்கள்!

1984-இல் தூரே இறந்தார். சில நாளில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது. லன்சானா கொந்தே ஜனாதிபதியானார்.

2007 ஜனவரியில் விலைவாசியும் ஊழலும் பொறுக்காமல் சங்கங்கள் பொது வேலை நிறுத்தம் செய்தன. முன்னின்றவர்களில் ஒருவர் ராபியாத்து செரா தியாலோ என்ற பெண்மணி. துப்பாக்கிச் சூட்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கொந்தே நியமித்த தம் ஆளைச் சங்கங்கள் ஏற்கவில்லை. பிப்ரவரிக் கடைசியில், அவர்கள் ஒப்புக்கொண்ட ஒருவரைப் பிரதமராக நியமித்த பிறகுதான் வேலைக்குத் திரும்பினார்கள்.