இரைச்சலுக்குள்ள ஒரு பீக்

பின்னாடி மோட்டார் சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கங்க. பாகூர்ல வயலை ஒட்டின வீடு, நடவு நேரம் வேற. இன்னைக்கு எபிசோடும் இரைச்சலைப் பத்திதான்.

எங்க தெருவுல ஒரு அக்கா பிஎச்டி பண்றாங்க. ரைஸ் மில்லுல கிடைக்கிற உமிச் சாம்பல்ல இருந்து சிலிக்கா எடுத்து, அது மேல ஒரு கரிம மூலக்கூறை ஒட்டவைக்கிறாங்க. தண்ணியில இருக்கிற உலோகத்தைப் பிடிக்கத்தான். அது நிஜமாவே ஒட்டிச்சா? அதைத் திடநிலை என்எம்ஆர் சொல்லும். மெஷின்ல கிடைச்சது 2 நாள். வந்தது ஒரு சின்ன மேடு. "தம்பி, பைத்தான்ல இரைச்சலை எடுத்துடலாமா?"ன்னு கேட்டாங்க. "ஈஸி அக்கா"ன்னு சொல்லிட்டேன்.

ஒரு ஃபில்டர் போட்டேன். அழகா ரெண்டு பீக் வந்துச்சு. அக்காவுக்கு சந்தோஷம், கைடுகிட்ட காட்ட ஸ்லைடு கூட ரெடி. அன்னிக்கு ராத்திரி, மூலக்கூறே இல்லாத வெறும் சிலிக்காவோட டேட்டாவை அதே கோடுல ஓட்டிப் பார்த்தேன். அதுலயும் ஒரு பீக்! இல்லாததை நானே செஞ்சிருக்கேன். உடனே போன் பண்ணி ஸ்லைடை எடுக்கச் சொன்னேன்.

சிக்னல் ஏன் இவ்வளவு பலவீனம்? 600 மெகாஹெர்ட்ஸ் காந்தத்துக்குள்ள, அறை வெப்பநிலையில, ஒரு லட்சம் புரோட்டான்ல ஒரு பக்கம் சாஞ்சது மறுபக்கத்தைவிட சுமார் 5தான் அதிகம். நமக்குக் கேக்கிறது அந்த 5 மட்டும்தான். கார்பன் இன்னும் மோசம். 100 கார்பன்ல ஏறக்குறைய ஒண்ணுதான் கார்பன்-13, அதோட காந்த பலமும் புரோட்டான்ல கால்வாசி. ஆம்ப்ளிஃபையர் வெச்சா இரைச்சலும் சேர்ந்து பெருசாகும். திரும்பத் திரும்ப ஸ்கேன் பண்ணிக் கூட்டலாம், ஆனா 3 மடங்கு தெளிவு வேணும்னா 9 மடங்கு நேரம் ஆகும். 2 நாள் 18 நாளாயிடும். யார் தருவாங்க?

அதனால கடன் வாங்கணும். மாதிரியை 54.7 டிகிரி சாய்வுல பம்பரம் மாதிரி வேகமா சுத்தவிட்டு, புரோட்டானோட சாய்வைக் கார்பனுக்கு மாத்துவாங்க. கிராஸ் போலரைசேஷன்னு பேரு, 1970களின் தொடக்கத்துல பைன்ஸ், கிப்பி, வாக் மூணு பேரும் கொடுத்த முறை. அதிகபட்சம் 4 மடங்கு கிடைக்கும். அக்கா இதைச் செஞ்சுதான் அந்த மேடே வந்துச்சு.

காத்திருக்கிற நேரத்தைக் குறைக்கிறது இன்னொரு வழி. ஒரு ஸ்கேன் முடிஞ்சா, ஸ்பின்கள் பழைய நிலைக்குத் திரும்பணும், அப்புறம்தான் அடுத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்துல அய்யலுசாமி ராமமூர்த்தி குழு 2010ல செல் சவ்வு மாதிரிகள்ல தாமிரம் பிடிச்ச லிப்பிடைச் சேர்த்து அந்த இடைவெளியைக் குறைச்சாங்க. ஆனா அக்காவோட பொருளே உலோகத்தைப் பிடிக்கிறது. தாமிரம் போட்டா கதை கெட்டுச்சு!

பெரிய கடன்காரர் எலக்ட்ரான். அதோட காந்த பலம் புரோட்டானைவிடச் சுமார் 660 மடங்கு. ரேடிக்கல் கலந்த கரைசல்ல மாதிரியை நனைச்சு, மைனஸ் 170 டிகிரி வாக்குல குளிரவெச்சு, மைக்ரோவேவ் அடிப்பாங்க. எலக்ட்ரானோட சாய்வு கரைசல்ல இருக்கிற புரோட்டானுக்குப் போய், அங்கேருந்து மேற்பரப்புல இருக்கிற கார்பனுக்கு வரும். 2010ல ஒரு ஆய்வுக் குழு, அக்காவோடது மாதிரியே மூலக்கூறு பிணைச்ச சிலிக்காவுல குறைஞ்சது 50 மடங்கு காட்டினாங்க. 50 மடங்குன்னா நேரம் 2,500 மடங்கு மிச்சம். நான் வாயைப் பிளந்துட்டேன். அக்கா சிரிச்சாங்க. "அந்த மெஷினுக்கு எங்க தம்பி போறது?"

அவங்க எடுத்த வழி வேற. ஒட்டவைக்கிற மூலக்கூறுல ஒரே ஒரு கார்பனை மட்டும் கார்பன்-13 ஆக்கி வாங்குறது. அந்த ஒரு இடத்துல சிக்னல் 90 மடங்கு கிட்ட ஏறும். விலைதான் அதிகம், ஃபெல்லோஷிப் பணத்துல இருந்து போட்டிருக்காங்க. பார்சல் இன்னும் வரலை. வெறும் சிலிக்காவையும் கூடவே ஓட்டணும்னு இந்த முறை அவங்களே சொல்லிட்டாங்க.